சைபரை நம்பாத ஸ்கொட்லாந்து அக்கா

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதினாலும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு என் சரக்கு தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு மறதி. முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வரும், பின்னுக்கு நடந்தது வராமலே போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று மாஸ்ரர் சொல்லிவிட்டார். மாஸ்ரர் சங்கத்தின் செயலாளர். ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர், வாய் திறந்தால் சிரிக்க வைக்கிற பெரிய பகிடிக்காரர். நான் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கும் முறையை எழுதலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். உப்பு எவ்வளவு என்று எழுதுகிற இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நினைவில் வந்து நின்றவர் ஸ்கொட்லாந்து அக்கா. குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டேன்.

அக்கா இப்போது ரொறன்ரோவில் இல்லை. மகளோடு சில வருடம் இங்கே இருந்துவிட்டு, மகனுக்குப் பிள்ளை பிறந்ததும் ஸ்கொட்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். உங்களைப் பற்றி எழுதட்டோ என்று ரெலிபோனில் கேட்டேன்.

“எழுது, எழுது. ஆனா என்ரை பேரைப் போட்டியோ, பிளேன் ஏறி வந்து உதைப்பன்” என்றார்.

அதனால் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் எங்களோடு மோலில் நடக்கிற எல்லோருக்கும் ஆளைத் தெரியும்.

மோலில் நடப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். விண்டர் வந்தால் ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் ரோட்டெல்லாம் ஐஸ். எங்கள் வயதில் விழுந்தால் எழும்பமாட்டோம். அதனால் கடைகள் திறப்பதற்கு முன்பே மோலின் கதவை எங்களுக்காகத் திறந்துவிடுவார்கள். உள்ளே சூடு, வெளிச்சம், வழுக்காத நிலம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்போம், திரும்புவோம், பிறகு சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற பக்கம் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்போம். நடை குறைவு, கதை கூட.

அக்கா அங்கே முதன்முதல் வந்த நாள் எங்களுக்கெல்லாம் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் காற்றுக்கு நின்று காது விறைத்துப்போய், ஒருவருக்கொருவர் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனுஷி வந்தார். கட்டை உருவம். ஜக்கெற் பூட்டவில்லை, தொப்பி இல்லை. கன்னம் இரண்டும் தக்காளி. சிரித்த முகம்.

“என்ன, எல்லாரும் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?”

“வெளியில மைனஸ் இருபது பிள்ளை” என்றார் மாஸ்ரர்.

“இது நல்ல பிள்ளைக் குளிர், ஐயா. காய்ஞ்ச குளிர். உதறிவிட்டா விழுந்திடும். எங்கட மலையில அடிக்கிறது ஈரக் குளிர். மைனஸ் அஞ்சிலயே வந்து எலும்புக்குள்ள பாய் விரிச்சுப் படுத்திடும்.”

“எந்த மலை? கீரிமலையோ?”

எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். யாழ்ப்பாணத்தாருக்குச் சொந்தமாக இருக்கிற ஒரே மலை கீரிமலை. அங்கே போனால் கடல்தான் இருக்கும். அக்காவும் சிரித்தார், எங்களைவிடக் கூடவே. சிரித்து முடித்து, கைப்பையிலிருந்து ரெலிபோனை எடுத்து எங்கள் நடுவில் வைத்தார். “இந்தா பாருங்கோ என்ரை மலையை. இண்டைக்கு உச்சியில எண்பது மைல் காத்து” என்றார், பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுகிற மாதிரி.

நான் ஒரு ஓரத்தில் இருந்து பார்த்தேன். எனக்குப் புதுமுகம் என்றால் வாய் திறக்காது. பழைய முகம் என்றாலும் பெரிதாகத் திறக்காது.

அந்த மோல் எனக்கு என்னவாக இருந்தது என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருப்பது ஸ்காபரோவின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கம். என் மனுசன் காலமான பிறகு மகன், மருமகளோடு இருக்கிறேன். தங்கமான பிள்ளைகள். இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். மகன் போகிற வழியில் என்னை மோலில் இறக்கிவிடுவான், நான் பஸ்ஸில் திரும்பி வருவேன். அந்தக் காலைநேரம் ஒன்றுதான் எனக்கு மனிதர்களோடு இருக்கிற நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம்தான்.

அக்கா வந்த அந்த விண்டரில்தான் எங்கள் வீட்டில் அஜக்ஸ் கதை தொடங்கியது. அஜக்ஸ் கிழக்கே இருக்கிற பக்கத்து ஊர். அங்கே புது வீடுகள் வருகின்றன, பெரிய வீடு, பின்னுக்குத் தோட்டம் போட வளவு, கீழேயே அம்மாவுக்கு ஒரு அறை. “இஞ்சயிருந்து இருபது நிமிசம்தான் அம்மா” என்றான் மகன். கார் ஓடுகிறவனுக்கு இருபது நிமிடம். எனக்கு அது வேறு நாடு. வேறு ஊர், வேறு பஸ், நடுவில் பெரிய ஹைவே. அங்கே போனால் மோல் இல்லை, மாஸ்ரர் இல்லை, யாரும் இல்லை.

“அம்மா, உங்களுக்கு ஏதும் பிரச்சினையே?” என்று மகன் கேட்டான்.

“எனக்கென்ன ராசா. ஒண்டுமில்லை” என்றேன்.

அப்படித்தான் நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். பசிக்குதோ, ஒண்டுமில்லை. கால் நோகுதோ, ஒண்டுமில்லை. எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

சரி, அக்காவின் மலைக்கு வருகிறேன். அது ஸ்கொட்லாந்தின் வடக்கே இருக்கிறது. பெயர் என் வாயில் நிற்காது. உயரத்தில் பெரிதில்லையாம். மாஸ்ரர் இதை எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்து ஒருநாள் குத்தினார்.

“பிள்ளை, உங்கட மலை நுவரெலியாவின்ரை தோளுக்கும் வராது போல கிடக்கு.”

“வராதுதான் மாஸ்ரர். ஆனா நீங்கள் வேட்டியோட அங்க ஒருக்கா ஏறி நில்லுங்கோ. வேட்டியை நோர்வேயில போய்த்தான் எடுக்கவேணும்.”

அந்த மலையின் இடுப்பளவு உயரத்தில், ஸ்னோவில் சறுக்க வருகிறவர்களுக்காக ஒரு சாப்பாட்டுக் கடை. அதில் அக்கா வருடக்கணக்காகச் சூப் கிண்டினவர். உச்சியில் வீடும் இல்லை, ஆளும் இல்லை. காற்றையும் குளிரையும் அளக்கிற மெசின் ஒன்று மட்டும் தனியே நிற்கிறது. அந்தக் காலத்தில் அந்த நாட்டின் ஆகப் பெரிய மலையின் தலையில் கல்வீடு கட்டி, ஆட்கள் அதற்குள் குடியிருந்து, இரவு பகலாக மணிக்கு மணி வெளியே போய்ப் பார்த்து எழுதினார்களாம். ஸ்னோ வாசலை மூடினால் மேலாலே ஏறி வெளியே போவார்களாம். இப்போது மெசின் தானாகப் பார்க்கிறது, இலக்கம் ரெலிபோனுக்கு வருகிறது.

அந்த மெசினைப் பார்த்துச் சரிசெய்ய ஏறுகிறவர்கள், இறங்கி வரும்போது தாடியெல்லாம் ஐஸ் தொங்க அக்காவின் கடைக்குள் வருவார்கள். சூப்பைக் கையில் கொடுத்தால் தாடி உருகும், தாடி உருகினால் கதை வரும். அப்படித்தான் அக்காவுக்கு இவ்வளவும் தெரிய வந்தது.

காற்று அளக்கிற சாதாரண மெசினில் மூன்று கிண்ணங்கள் சுற்றும், பிள்ளைகளின் காற்றாடி மாதிரி. அந்த மலையில் முகில் வந்து பட்டுப் பட்டே அதில் ஐஸ் பிடித்துவிடும். அந்த ஐஸ் காற்று வருகிற பக்கத்தைப் பார்த்துத்தான் வளருமாம், காற்றோடு சண்டைக்குப் போகிற மாதிரி. பிறகு கிண்ணம் இறுகி அசையாது. வெளியே புயல் மரத்தைப் பிடுங்கும், மெசின் சைபர் என்று காட்டும். அதனால் உச்சியில் இருப்பதைப் பீப்பா மாதிரி ஒன்றுக்குள் வைத்துச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒருதரம் மூடி திறக்கும். மெசின் மேலே எழும்பிக் கொஞ்ச நேரம் காற்றைப் பார்க்கும். உடனே உள்ளே இறங்கி மூடிக்கொள்ளும். கொடியில் உடுப்புப் போட்ட மனுஷி மழை தூறுதோ என்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாளே, அப்படி என்று அக்கா கழுத்தை நீட்டி நடித்துக் காட்டுவார். பக்கத்து மேசையில் கோப்பி குடிக்கிற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா அவர்களுக்கும் ஒருமுறை நீட்டிக் காட்டுவார்.

மலையின் இடுப்பில், அக்காவின் கடைக்குப் பக்கத்தில், பழைய மாதிரி ஒன்று வெறும் கிண்ணத்தோடு நின்றது. அதன் இலக்கமும் ரெலிபோனில் வரும். ஒருநாள் இடுப்பில் சைபர், உச்சியில் தொண்ணூறு.

“பாத்தியளே?” என்றார் அக்கா. “உது பொய் சொல்லேல்லை. பாவம், அதின்ரை கையைக் கட்டிப்போட்டிருக்கு. எண்பது எண்டா நான் பயப்பிடன். தொண்ணூறு எண்டாலும் பயப்பிடன். சைபர் எண்டாத்தான் கிட்டப்போய்ப் பாப்பன்.”

அக்கா என்றால் இதுதான். மனிதரிலும் இதையேதான் பார்த்தார். கத்துகிறவர், அழுகிறவர், குளிரைத் திட்டுகிறவர் ஒருவரையும் அவர் கணக்கெடுக்கமாட்டார். “அவையின்ரை கிண்ணம் நல்லாச் சுத்துது” என்பார். யாராவது ‘ஒண்டுமில்லை’ என்று சொன்னால் போதும், கதிரையை அவர் பக்கம் இழுத்துவிடுவார்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கேள்வி உடனே கேட்கமாட்டார். கைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்க், அதற்குள் இஞ்சித் தேத்தண்ணி. முதலில் கப்பில் ஊற்றி ஆளின் இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுப்பார். பிறகு மலைக் கதை, மருமகன் கதை என்று எதையாவது கதைப்பார். கை சூடேறி, தோள் இறங்கி, ஆள் கொஞ்சம் இளகுகிற நேரம் பார்த்துத்தான் மெல்லக் கேட்பார். “சூடாக்காமல் வெளியில எடுத்தா இறுகிப் போயிடும்” என்பது அவருடைய சட்டம்.

மாஸ்ரரிடமே இதைச் செய்தார். ஒரு கிழமையாக மாஸ்ரர் பகிடி விடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார். என்ன மாஸ்ரர் என்றால் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று நாங்கள் குசுகுசுத்தோம். அக்கா பிளாஸ்கைத் திறந்தார். இரண்டாவது கப் முடிகிற நேரம் மாஸ்ரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஜக்கெற் பொக்கெற்றிலிருந்து ரிஷு பேப்பரில் சுற்றின ஒன்றை எடுத்தார். புதுப் பல் செற்.

“கட்டித் தந்தது லூசாக் கிடக்கு பிள்ளை. கதைச்சா ஆடுது, சிரிச்சா விழுது. நேற்றுச் சோத்துக்குள்ள விழுந்திட்டுது.”

அக்கா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடிற்று. மாஸ்ரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பல் கையில் இருந்தபடியால் விழ ஒன்றும் இல்லை. மாஸ்ரரின் மகள் அன்றைக்கே அவரைப் பல் டொக்ரரிடம் கூட்டிப்போய்த் திருப்பி அளவெடுக்க வைத்தாராம்.

எல்லாத் தரமும் அக்கா நினைத்தது சரிவரும் என்றும் இல்லை. வாசலில் நின்ற செக்கியூரிற்றிப் பெடியன் ஒருவரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கும் பிளாஸ்க் போயிற்று. அக்கா இங்கிலிஷ் கதைத்தால் ஸ்கொட்லாந்துக்காரர் கதைக்கிற மாதிரி உருண்டு உருண்டு வரும். அவன் பாதி விளங்காமல் முழித்தான். கடைசியில் பார்த்தால் அவனுக்கு ஒரு கவலையும் இல்லை, பிறவியே அப்படி. “சில சைபர் உண்மையாயே சைபர்” என்று ஒத்துக்கொண்டு வந்து இருந்தார். பெடியன் அதற்குப் பிறகு தினமும் தேத்தண்ணிக்குக் கப்போடு வந்து நின்றான். இன்னும் சில பேருக்கு அக்காவின் கதிரை பக்கத்தில் வந்தாலே பிடிக்காது. வாயைப் பிடுங்கிறா என்று எழும்பி வேறு மேசைக்குப் போவார்கள். அக்கா அவர்களுக்குக் கை காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

மலையுச்சிக்கு அவர் ஒரேயொரு தரம் போயிருக்கிறார். மெசின்காரர்கள் நல்ல காலநிலை பார்த்துக் கூட்டிப்போனார்களாம். இரவல் சப்பாத்து, இரவல் ஜக்கெற், உள்ளுக்கு வீட்டுச் சேலை. தனியே நிற்கிற பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று ஒரு பேப்பரில் திருநீறு மடித்துக் கொண்டுபோனார், அந்தப் பீப்பாவுக்குப் பூச. நல்ல காலநிலை என்றாலும் அங்கே காற்று காற்றுத்தான். நிற்க முடியாமல் பீப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். பேப்பரைப் பிரித்தாரோ இல்லையோ, திருநீறு முழுவதும் எழும்பி இவருடைய முகத்திலேயே அடித்தது.

“நான் மலைக்குப் பூசப் போனன். மலை எனக்குப் பூசி அனுப்பிவிட்டுது” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். கூட வந்த வெள்ளைக்காரரின் தாடியிலும் திருநீறாம். அவர் அது ஐஸ் என்று நினைத்துக் கடை வரைக்கும் தட்டாமலே வந்தாராம். இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்போமோ தெரியாது. கேட்காமல் விட்டால் நாங்களே, “அக்கா, அந்தத் திருநீறு” என்று தொடக்கிவிடுவோம்.

இப்படியே போகப்போக, உச்சியில் இன்றைக்குக் காற்று எவ்வளவு என்று மட்டுக்கட்டுவது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. ரெலிபோனைத் திறக்க முன்பு ஆளுக்கொரு இலக்கம் சொல்லவேண்டும். கிட்டச் சொன்னவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். பரிசு அவ்வளவுதான். அதற்காகவே மாஸ்ரர் இரவில் செய்தி பார்த்துக்கொண்டு வருவார், ஆனாலும் வெல்லமாட்டார்.

நான் இலக்கம் சொல்வதில்லை. ஒருநாள் அக்கா விடவில்லை. “அறுபத்தஞ்சு” என்று வாய்க்குள் சொன்னேன். சரியாக அறுபத்தைந்து. எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குக் கால் ஓடவில்லை. முன்னால் நடப்பதென்றால் சும்மாவா? முதுகில் அத்தனை கண்ணும் குத்துகிற மாதிரி இருந்தது. நகைக்கடைக் கண்ணாடியில் ஒரு மனுஷி குனிந்துகொண்டு வந்தாள், பார்த்தால் நான்தான். கொஞ்சம் நிமிர்ந்தேன். இரண்டாவது சுற்றில் கையை வீசினேன் என்று மாஸ்ரர் சொல்கிறார். நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன். செய்தாலும் செய்திருப்பேன்.

அஜக்ஸ் கதை இதற்குள் முற்றிவிட்டது. வீடு பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏஜென்ற் கையெழுத்து வாங்க வருகிறார் என்று மகன் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை நான் மோலில் இருந்தேன், ஆனால் மனம் அங்கே இல்லை. விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. எழுபது, ஐம்பது, நூறு என்று கத்துகிறார்கள்.

“நீ சொல்லன் பிள்ளை” என்றார் அக்கா.

“சைபர்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மலையுச்சிக்குச் சைபர் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அக்கா சிரிக்கவில்லை. ரெலிபோனைத் திறக்காமலே கைப்பைக்குள் வைத்தார். மற்றவர்களை நடக்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்தார். பிளாஸ்க் வந்தது. இஞ்சி தொண்டையில் இறங்க இறங்க, சொல்லக்கூடாது என்று இருந்ததெல்லாம் வந்துவிட்டது. அஜக்ஸ், ஞாயிற்றுக்கிழமை, ஃபிரிட்ஜ் உறுமுவது எல்லாம்.

“மகனிட்டைச் சொன்னனியே?”

“இல்லை அக்கா. அவன் ஆசையாப் பாத்த வீடு. நான் ஏன் குறுக்க நிப்பான்? எனக்கு ஒண்டுமில்லை.”

“பாத்தியே, திருப்பியும் இறுகுது” என்று கப்பை இன்னும் ஒருதரம் நிரப்பினார். “நான் சொல்லமாட்டன். உன்ரை காத்து, நீதான் காட்டவேணும். ஆனா ஞாயிற்றுக்கிழமை உன்ரை வீட்டை தேத்தண்ணி குடிக்க வாறன்.”

ஞாயிற்றுக்கிழமை விடியவே ஸ்னோ கொட்டத் தொடங்கிவிட்டது. கார்கள் எல்லாம் குவியலாகக் கிடந்தன. அக்கா வரமாட்டார் என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மத்தியானம் கழிந்து கதவு மணி அடித்தது. ஏஜென்ற் என்று மகன் போய்த் திறந்தான். வாசலில் ஸ்னோ பூசின அக்கா.

“ஐயோ அன்ரி! உந்த ஸ்னோவுக்குள்ள எப்பிடி வந்தனீங்கள்?”

“பஸ்ஸில வந்து, பிறகு நடந்தனான். இது ஸ்னோவே தம்பி? கோதுமை மா.”

மருமகள் தேத்தண்ணி போட எழும்பினாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து இருத்தினார். “நான் கொண்டந்திருக்கிறன். நீரும் இரும் பிள்ளை.” நாலு கப்பில் ஊற்றினார். “கையில கப் இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் போன் பாக்கக்கூடாது” என்றார். பிறகு தொடங்கினார் திருநீற்றுக் கதையை. பிள்ளைகள் முதல்முதல் கேட்கிறார்கள். மருமகளுக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. நான் மட்டும் இரண்டு கையாலும் கப்பைப் பிடித்திருந்தேன். கதை முடிந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

“எனக்கு அஜக்ஸ் வேண்டாம்” என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மகன் கப்பை வாய்க்குக் கொண்டுபோனபடி நின்றான்.

“என்னம்மா?”

“அஜக்ஸ் நல்ல இடம்தான் ராசா. எனக்கு வேண்டாம். எனக்குக் காலமை மோலுக்குப் போகவேணும், நடக்கவேணும், நாலு பேரோட கதைக்கவேணும். அங்க கீழ் அறையும் பாத்ரூமும் இருக்கும். அதுக்குள்ள நான் ஆரோட கதைக்கிறது? பைப்போடயோ?”

வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. மகன் கப்பை வைத்தான்.

“ஏனம்மா முந்தியே சொல்லேல்லை? உங்களுக்காகத்தானே அந்த வீட்டைப் பாத்தம். நீங்கள் படி ஏறக் கஷ்டப்படுறியள், கீழ் அறை வேணும் எண்டு இவதான் பிடிவாதமா நிண்டவ.”

“ஓம் மாமி, உங்களுக்காகத்தான்” என்றாள் மருமகள். “இல்லாட்டி ஒவ்வொரு நாளும் அந்த ஹைவேயில ஆர் கிடந்து சாகிறது...” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் அவள் பக்கம் திரும்பினான். “அப்ப உமக்கும் விருப்பமில்லையோ?”

“நீங்கள் வளவு வேணும், தோட்டம் செய்யவேணும் எண்டு ஆசைப்படுறியள் எண்டு நினைச்சன்.”

“ஆர், நானோ? தோட்டமோ? இருக்கிற புல்லை வெட்டேல்லை எண்டு பக்கத்து வீட்டுக்காரன் கத்துறான்! அம்மாவுக்கும் உமக்கும் விருப்பம் எண்டல்லோ நான் ஓடித் திரிஞ்சனான்!”

ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“அப்ப ஆருக்குத்தான் அஜக்ஸ் வேணும்?” என்றான் மகன்.

“என்னைப் பாக்காதை தம்பி. நான் தேத்தண்ணி குடிக்க வந்தனான்” என்றார் அக்கா.

முதலில் சிரித்தவன் மகன். பிறகு மருமகள், பிறகு நான். அக்கா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த நேரம் ஏஜென்ற் ரெலிபோனில் வந்தார். ரோட்டில் இறுகிக்கொண்டு நிற்கிறாராம், கொஞ்சம் பிந்தும் என்றார்.

“அண்ணை, நீங்கள் திரும்பிப் போங்கோ” என்றான் மகன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஏன் தம்பி, ஸ்னோவாலயோ?”

“ஸ்னோ இல்லை அண்ணை. வீட்டுக்குள்ள காத்து மாறிட்டுது.”

அந்த மனுசனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. நாங்கள் ரூஜிலேயே இருக்கிறோம். அடுத்த கிழமை மகன் படிக்கு மற்றப் பக்கமும் கைபிடி பூட்டித் தந்தான். அன்று பின்னேரம் அக்காவைக் காரில் கொண்டுபோய் விட்டதும் அவன்தான். வழி முழுக்க அக்கா அவனுக்கு வழுக்கிற ரோட்டில் கார் ஓடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாராம். அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது.

இதில் பிழைகள் இருக்கும். அந்த மூடி அரை மணிக்கு ஒருதரம்தான் திறக்கிறதோ, மணிக்கு ஒருதரமோ, எனக்குச் சரியாக நினைவில்லை. ஐஸ் காற்று வருகிற பக்கம் வளரும் என்று எழுதியிருக்கிறேன், அது போகிற பக்கமாகவும் இருக்கலாம். மலைகளைப் பற்றித் தெரிந்த யாராவது அச்சுக்குப் போக முன்பு ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் பார்க்கவேண்டும். அன்றைக்கு முதலில் சிரித்தது மகன் என்று எழுதியிருக்கிறேன். இதை வாசித்துப் பார்த்த மருமகள், இல்லை மாமி, நான்தான் முதல் என்கிறாள். மகன் விட்டுக்கொடுக்கிறான் இல்லை. காலையிலிருந்து இரண்டு பேரும் குசினிக்குள் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டு யாராவது சரியானதைப் போட்டுவிட்டால் புண்ணியம்.